இரண்டு புள்ளி ஆறு பிறந்த கதை

கீரனூர் என்றதும் பலருக்கும் புதுக்கோட்டைப் பக்கத்துக் கீரனூர்தான் நினைவுக்கு வரும். இந்தக் கதையில் வருவது பழனிக்கு வடக்கே, திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கும் கீரனூர். 1970களில் இந்தச் சுற்றுவட்டாரப் பையன்களின் சொத்தெல்லாம் கால்சட்டைப் பைக்குள் இருந்தது: சிகரெட் அட்டை. காலிப் பெட்டியைப் பிரித்து, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் நேராகக் கிழித்து, அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு வைத்துக்கொள்வார்கள். திண்டுக்கல் சீமை புகையிலைக்குப் பேர்போனதுதான். ஆனால் ஊர்ப் பெரியவர்கள் பிடித்தது பீடியும் சுருட்டும். அதில் அட்டைக்கு ஏது வழி? பேருந்து நிறுத்தம், டெண்ட் கொட்டகை வாசல், பழனிக்குப் போகும் வெளியூர்க் கார்கள் நிற்கும் டீக்கடை என்று தேடி அலைந்துதான் அட்டை சேர்க்க வேண்டியிருந்தது.

ஆட்டம் எளிது. மண்ணில் ஒரு வட்டம். ஆளுக்கு இத்தனை மதிப்பு என்று பேசி அட்டைகளை நடுவில் வைப்பார்கள். எட்ட நின்று தட்டைக்கல்லை வீசுவார்கள். வட்டத்துக்கு வெளியே தெறித்த அட்டை, அடித்தவனுக்குச் சொந்தம். எந்த அட்டைக்கு என்ன மதிப்பு என்பதை எந்தக் கம்பெனியும் சொல்லவில்லை, பையன்களே வைத்துக்கொண்டார்கள். தெருவெங்கும் கிடைப்பதற்கு அஞ்சோ பத்தோ. அபூர்வமாகக் கண்ணில் படுவதற்கு நூறு. வெளிநாட்டு அட்டை கிடைத்துவிட்டால் ஐந்நூறு, ஆயிரம். ஊருக்கு ஊர் இந்தக் கணக்கு மாறும்.

இதில் ஒரு விசித்திரம் இருந்தது. ஐந்நூறு மதிப்பு அட்டை வைத்திருந்தவன் ராஜா மாதிரி திரிவான். ஆனால் ஆட்டத்துக்கு வந்தால் அவனுக்கு ஈடாகக் கட்ட எதிராளியிடம் ஐந்நூறுக்கு அட்டை இருக்காது. பாதி நாள் அவன் வேடிக்கைதான் பார்ப்பான். பத்தும் அஞ்சுமாகச் சில்லறை வைத்திருந்தவன் சாயங்காலம் முழுக்க ஆடுவான். இருட்டும்போது பை நிறைந்திருக்கும். இதை யாரும் ஒரு சூத்திரமாக எழுதி வைக்கவில்லை. பள்ளிக்கூட மணி அடித்ததும் அதோடு மறந்துபோனது. இதே பாடத்தை இன்னொருவர் கண்டுபிடிக்க இருபது சொச்சம் வருடமும், பல கோடிச் சீட்டுகளும், ஒரு நீர்வீழ்ச்சியும் தேவைப்பட்டன.

ஏறக்குறைய அதே காலத்தில் ஒரு அமெரிக்கக் கட்டடக் கலைஞர் வேலை நிமித்தம் குடும்பத்தோடு நாடு நாடாக மாறிக்கொண்டிருந்தார். வங்கதேசம், நேபாளம் என்று அவருடைய மகன் வளர்ந்தான். உள்ளூர் மொழி தெரியாது. தெருப் பையன்களோடு பழக அவனுக்குக் கிடைத்த பாஷை கோலிக்குண்டும் சீட்டுக்கட்டும்தான். பெயர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட். 1881இல் சுடப்பட்டு இறந்த அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டின் எள்ளுப்பேரன். பன்னிரண்டு வயதில் குடும்பம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நிலைகொண்டது. அந்தப் பையன் அரசியலுக்குப் போகவில்லை. கணக்குக்குப் போனான். கணக்குக்குள் இருந்துகொண்டு விளையாட்டுகள் செய்தான்.

1982இல், பத்தொன்பது வயதில், ‘ஐந்து மந்திரங்கள்’ என்று ஒரு சீட்டாட்டம் செய்து பார்த்தார் கார்ஃபீல்ட். சரிவரவில்லை, ஓரமாக வைத்தார். அடுத்து ‘ரோபோராலி’ என்று பலகையில் ரோபோ பொம்மைகள் ஓடுகிற ஒரு விளையாட்டு. நண்பர் மைக் டேவிஸ் அதைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் கைவிரித்தார்கள். 1991இல் கடைசியாக ஒரு கதவு லேசாகத் திறந்தது. ஆனால் அது ஒரு வீட்டின் அடித்தளக் கதவு.

அந்த வீட்டுக்காரர் பீட்டர் அட்கிசன். போயிங் விமானக் கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் சியாட்டில் பக்கம் ‘விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ என்ற கம்பெனியைத் தன் வீட்டிலேயே நடத்தியவர். கார்ஃபீல்டும் டேவிஸும் போர்ட்லாண்டில் அவரைச் சந்தித்தார்கள். ரோபோராலியைப் பார்த்தார், பிடித்தது. பலகை, பொம்மை, பெட்டி என்று செலவு எகிறும், கையில் காசில்லை என்றார். கிளம்பும்போது ஒரு விண்ணப்பம் வைத்தார்: விளையாட்டு மாநாடுகளில் ஆட்களுக்காகக் காத்துக்கிடக்கும் நேரத்தில், சட்டைப் பையிலிருந்து எடுத்து பத்து இருபது நிமிடத்தில் ஆடி முடிக்கிற மாதிரி, மலிவாக ஏதாவது செய்து தர முடியுமா?

கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போய், சமையலுக்கு ஆள் கிடைக்குமா என்று கேட்ட கதைதான். கார்ஃபீல்ட் கோபித்துக்கொண்டு போயிருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும். அவர் மல்ட்னோமா நீர்வீழ்ச்சிக்கு நடக்கப் போனார்.

620 அடி உயரத்திலிருந்து விழும் அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில்தான் யோசனை தட்டியது. சீட்டுக்கட்டு என்றால் எல்லோருக்கும் ஒரே கட்டு, அதே 52 சீட்டு என்பதுதானே உலக வழக்கம்? ஆளுக்கொரு கட்டு இருந்தால்? ஒருவர் கட்டில் என்ன இருக்கிறது என்று மற்றவருக்கே தெரியாமல் இருந்தால்? கடையில் வாங்கும் பொட்டலத்தில் எந்தச் சீட்டு வரும் என்பதே அதிர்ஷ்டமாக இருந்தால்? வாங்குவதற்கு மேல் மாற்றிக்கொள்ளவும் ஆரம்பிப்பார்களே! ஓரமாகக் கிடந்த ‘ஐந்து மந்திரங்கள்’ மறுபடியும் தூசி தட்டப்பட்டது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அப்போது அவர் ஹெர்பர்ட் வில்ஃப் என்ற கணிதப் பேராசிரியரிடம் முனைவர் பட்ட மாணவர். ஆய்வேட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு, 120 சீட்டுகளைக் கையால் வெட்டி ஒட்டினார். ஜெராக்ஸ் எடுத்த படங்கள்தான் ஓவியம். இரண்டாகப் பிரித்து நண்பர் பேரி ரைக்கோடு முதல் ஆட்டம். அங்கிருந்து ஸ்காஃப் இலியாஸ், ஜிம் லின், கிறிஸ் பேஜ் என்று பல்கலைக்கழகக் கூட்டாளிகளுக்குப் பரவியது. படிக்க வந்த பிள்ளைகள் பண்டமாற்று வியாபாரிகளாக மாறினார்கள்.

இந்த இடத்தில் ஆட்டத்தின் எலும்புக்கூட்டைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். பின்னால் வரப்போகும் எல்லாத் திருப்பமும் இதில்தான் தொங்குகிறது. ஆடுகிறவர் ஒரு மந்திரவாதி. உயிர் 20 புள்ளி. கட்டில் இரண்டு விதச் சீட்டு: ஒன்று நிலம், மற்றது மந்திரம். ஒரு முறைக்கு ஒரு நிலம்தான் இறக்கலாம். ஒவ்வொரு நிலமும் முறைக்கு ஒரு ‘மானா’ தரும். மானா என்றால் மந்திரசக்தி, அந்த உலகத்தின் காசு. முதல் முறையில் கையில் ஒரு காசு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. ஒவ்வொரு மந்திரத்துக்கும் மேல்மூலையில் விலை அச்சாகியிருக்கும். குட்டிப் பூதத்துக்கு ஒன்று. ஷிவன் டிராகன் என்ற பறக்கும் அரக்கனுக்கு ஆறு. அன்றைக்குச் செலவழிக்காத காசு அன்றைக்கே செத்தது; நாளைக்குச் சேராது.

அந்தக் கடைசி விதியைத்தான் யாரும் பல வருடம் உற்றுக் கவனிக்கவில்லை.

ஆட்டம் தயார்; கம்பெனி தயாரில்லை. அட்கிசன் 1992இல் வெளியிட்ட ஒரு புத்தகத்தில் மற்றக் கம்பெனிகளின் விளையாட்டுகளோடு சேர்த்து ஆடும் முறையை எழுதியிருந்தார். பல்லேடியம் புக்ஸ் என்ற கம்பெனி வழக்குப் போட்டது. தோற்றால் மொத்தக் கடையும் ஏலத்துக்குப் போகும். கூடவே இன்னும் வெளிவராத சீட்டாட்டமும் போகும். வீடு ஜப்திக்கு வரும் என்றால் நகையைத் தங்கச்சி வீட்டில் கொடுத்து வைப்பதில்லையா? அதேதான் செய்தார்கள். ‘கார்ஃபீல்ட் கேம்ஸ்’ என்று தனியாக ஒரு கம்பெனி பதிவு செய்து, ஆட்டத்தின் உரிமையை அதன் பெயரில் ஒதுக்கி வைத்தார்கள். வழக்கு 1993இல் சமரசமாக முடிந்தது. ஆட்டத்துக்கு ‘மேஜிக்: தி கேதரிங்’ என்று பெயர். பெல்ஜியத்தின் டர்ன்ஹவுட்டில் இருக்கும் கார்ட்டா முண்டி அச்சகத்துக்கு ஆர்டர் போனது.

1993 ஆகஸ்ட். முதல் அச்சு 26 லட்சம் சீட்டு. மில்வாக்கியில் நடந்த ஜென்கான் மாநாட்டில் ஆட்கள் மொய்த்தார்கள். கையிருப்பு காலி. அக்டோபரில் இன்னொரு 73 லட்சம். அதுவும் பறந்தது. அட்கிசனுக்குத் தலைகால் புரியவில்லை. கார்ஃபீல்டுக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது.

அவர் போட்டு வைத்திருந்த கணக்கு வேறு. ஒரு ஆள் என்ன வாங்குவான்? இரண்டு மூன்று பொட்டலம். பலமான சீட்டுகளை அபூர்வமாக அச்சடித்துவிட்டால், ஒரு நண்பர் கூட்டத்தில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதைப் பார்க்கும்போது எல்லோரும் வாய் பிளப்பார்கள். அவ்வளவுதான். கீரனூரில் வெளிநாட்டு சிகரெட் அட்டை மாதிரி. அந்த ஆட்டத்தைப் போலவே இதிலும் ஆளுக்கொரு சீட்டைப் பந்தயம் வைத்து ஆடுகிற விதி முதலில் இருந்தது. ஆனால் ஜனங்கள் பொட்டலமாக வாங்கவில்லை, பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். பந்தய விதியைச் சீட்டின் விலை ஏற ஏற யாரும் விரும்பவில்லை. அது மெல்லக் கைவிடப்பட்டது. ஒரே அபூர்வச் சீட்டைப் பத்து, பதினைந்து என்று சேர்த்தார்கள். கட்டில் குறைந்தது 40 சீட்டு இருக்க வேண்டும் என்று மட்டும்தான் விதி. ஒரே சீட்டு எத்தனை இருக்கலாம் என்று ஒரு விதியும் இல்லை.

விளைவைப் பார்க்க நான்கு சீட்டு போதும். மலை, கருந்தாமரை, வாய்க்கால், நெருப்புருண்டை. கருந்தாமரைக்கு விலையே கிடையாது. இறக்கினால் அந்த முறைக்கு மட்டும் மூன்று காசு தரும். அதில் இரண்டைக் கொடுத்து வாய்க்காலைத் திறந்தால், தன் உயிரையே காசாக மாற்றலாம். உயிர் 20இல் 19ஐ மாற்றினால் 19 காசு, தாமரையில் மிஞ்சியது ஒன்று, ஆக 20. மலை கொடுத்த காசில் நெருப்புருண்டையைப் பற்றவைத்து, அந்த இருபதையும் அதில் கொட்டினால் எதிராளியின் 20 உயிரும் காலி. முதல் முறையிலேயே. எதிரில் உட்கார்ந்தவர் சீட்டை எடுத்து அடுக்கி முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். அந்தக் கருந்தாமரை முதல் அச்சில் ஏறக்குறைய 1,100தான் வந்தது. 2021 ஜனவரியில் ஒன்று 5,11,100 டாலருக்கு ஏலம் போனது என்பது வேறு கதை. 1993இல் அது ஆட்டத்துக்கு யமன்.

போதாதென்று அச்சுப் பிழை வேறு. ‘ஓர்க்கிஷ் ஓரிஃப்ளேம்’ என்ற சீட்டின் விலை நான்கு. முதல் அச்சில் இரண்டு என்று விழுந்துவிட்டது. சீட்டின் வேலையில் ஒரு மாற்றமும் இல்லை; விலை மட்டும் பாதி. பின்னால் விதிகள் வந்தபோது அதிக பலமுள்ள சீட்டுகளோடு சேர்த்து இதையும் கட்டுப்படுத்த வேண்டி வந்தது. மேல்மூலையில் இருக்கும் சின்ன எண்தான் எல்லாம் என்று அந்தப் பிழை உரக்கச் சொன்னது. காது கொடுத்தவர் சொற்பம்.

1994 தொடக்கத்தில் போட்டி ஆட்டத்துக்கென்று சட்டம் வந்தது. கட்டு 60 சீட்டுக்குக் குறையக்கூடாது. நிலம் தவிர எந்தச் சீட்டும் நான்குக்கு மேல் கூடாது. கருந்தாமரை போன்றவை ஒன்றே ஒன்று. அந்த ஆகஸ்டில் மில்வாக்கியிலேயே முதல் உலகப் போட்டி. அமெரிக்காவின் ஸாக் டோலன், பிரான்ஸின் பெர்த்ராண் லெஸ்த்ரேயை வென்றார். பணம் கொடுத்து வாங்குகிற வெற்றிக்கு வேலி போட்டாயிற்று. இனி மூளையால்தான் ஜெயிக்க வேண்டும். ஆனால் எந்த மூளை?

முதல் விடை கலிஃபோர்னியாவிலிருந்து வந்தது. பிரையன் வைஸ்மன் என்ற ஆட்டக்காரர் அடுக்கிய கட்டுக்குப் பெயரே ‘தி டெக்’. ‘கட்டு’ என்றால் அதுதான் கட்டு என்ற மமதை. 60 சீட்டில் எதிராளியை அடித்து முடிக்கிற ஆள் என்று இரண்டே இரண்டு செரா தேவதைகள்தான். மீதியெல்லாம் தடுக்க, அழிக்க, கூடுதல் சீட்டு எடுக்க. அகழி ஒன்றை வெட்டினால் தரையில் நடக்கிற எதுவும் தாக்க முடியாது. ஒரு செங்கோலை வைத்து எதிராளி கையிலிருக்கும் சீட்டை ஒவ்வொன்றாகக் கீழே போட வைக்கலாம். என் ஒரு சீட்டு உன் இரண்டு சீட்டைச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் தத்துவம். எதிராளியைச் சோறு தண்ணீர் இல்லாமல் காயப்போட்டு, கடைசியில் சாவகாசமாக தேவதையை இறக்குவார். 1995இல் இந்தப் பாணிதான் ஆட்டத்தின் உச்சி என்று பேச்சு. பெரிய சீட்டு, விலையுயர்ந்த சீட்டு, நீண்ட ஆட்டம். இதை உடைக்க இன்னும் பெரிய ஆயுதம் வேண்டும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள்.

1996இல் அட்லாண்டாவில் ஒரு தகுதிச் சுற்று. பரிசுப் பணத்தோடு ‘புரோ டூர்’ என்ற பெரிய போட்டித் தொடர் தொடங்கியிருந்த வருடம். பால் ஸ்லை என்ற ஆட்டக்காரர் ஒரு கட்டோடு வந்து உட்கார்ந்தார். அந்தக் கட்டைப் பார்த்த யாருக்கும் கை நடுங்கியிருக்காது.

கட்டில் இருந்தவர்களில் ஒருவர் இரும்பு நக ஓர்க். விலை இரண்டு, பலம் இரண்டு. தன்னளவு பலமுள்ளவன் வந்தாலே தடுக்க மாட்டான், ஒதுங்கிவிடுவான். அவ்வளவு கோழை. இன்னொருவர் பித்தளை மனிதன். ஒரு முறை அடித்துவிட்டு அப்படியே சாய்ந்துவிடுவான். மறுபடி எழுப்ப ஒரு காசு தண்டம் கட்ட வேண்டும். பொட்டலத்தைப் பிரித்ததும் பையன்கள் ஓரமாக ஒதுக்குகிற சீட்டுகள். டிராகன் என்று பார்த்தால் டிராகன் குட்டிதான். பளிச்சென்று இருந்தது மின்னல் சீட்டுகள் மட்டும்: ஒரு காசுக்கு மூன்று உயிர். இந்தக் கடலைமிட்டாய்ப் பட்டாளத்தை வைத்துக்கொண்டு ஸ்லை சுற்றுச் சுற்றாக மேலே போனார். இறுதிச் சுற்று வரைக்கும் போய் இரண்டாவதாக வந்தார்.

குருட்டாம்போக்கில் அடித்த அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கட்டு ஸ்லை அடுக்கியதே இல்லை.

அடுக்கியவர் ஜே ஷ்னைடர். அவர் அதற்கு வைத்திருந்த பெயர் ‘கீபா’. அவர் சீட்டுகளை அழகு பார்த்துப் பொறுக்கவில்லை; விலை பார்த்துப் பொறுக்கினார். இன்ன வேலை செய்யும் சீட்டு இத்தனை என்று எல்லோரும் கணக்குப் போட்ட இடத்தில், அவர் இன்ன விலைச் சீட்டு இத்தனை என்று கணக்குப் போட்டார். ஒரு காசுச் சீட்டு 9இலிருந்து 13 வரை. இரண்டு காசுக்கு 6இலிருந்து 8. மூன்றுக்கு 3இலிருந்து 5. நான்குக்கு 1இலிருந்து 3. அதற்கு மேல், நிலம் போக மிச்சமெல்லாம் மின்னலும் நெருப்பும். தாளில் குறித்தால் இடது பக்கம் உயர்ந்து வலது பக்கம் சரிந்து வரும் கோடு, கரட்டு மேட்டிலிருந்து சமவெளிக்கு இறங்குகிற மாதிரி.

ஏன் இது வேலை செய்தது? செலவழிக்காத காசு அன்றைக்கே சாகும் என்ற அந்த விதிதான். முதல் ஐந்து முறையில் ஒரு ஆட்டக்காரர் கைக்கு மொத்தம் வருவது 1, 2, 3, 4, 5. கூட்டினால் 15 காசு. கையில் ஆறு காசு டிராகன்களாக வைத்துக்கொண்டு காத்திருப்பவருக்கு அந்தப் பதினைந்தும் வீண். ஆறாவது முறையில் அவர் டிராகனை இறக்கும்போது பிரமாதமாகத்தான் இருக்கும். அதற்குள் கோழை ஓர்க்கும் பித்தளை மனிதனும் பதினைந்து காசுக்கும் வேலை பார்த்து முடித்திருப்பார்கள். டவுன் பஸ்ஸில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறவன் கதிதான்: பணக்காரன்தான், ஆனால் கண்டக்டர் இறக்கிவிட்டுப் போய்விடுவார். ஷ்னைடரின் கட்டு முழுக்கச் சில்லறை.

வைஸ்மனின் பாணி எதிராளியின் சீட்டை எண்ணியது. ஷ்னைடரின் பாணி நேரத்தை எண்ணியது. என் கணிப்பில் இரண்டாவதுதான் பெரிய கண்டுபிடிப்பு; முதலாவதை எந்தக் கைதேர்ந்த ரம்மி ஆட்டக்காரரும் அரைகுறையாகவாவது அறிவார். ராப் ஹான் என்ற எழுத்தாளர் இந்தக் கட்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து எழுதினார். எழுதியதைப் படித்தவர்கள் உலகெங்கும் அப்படியே அடுக்கத் தொடங்கினார்கள். கோட்டுக்கு ‘மானா வளைவு’ என்று பெயர் நிலைத்தது. கட்டுக்கும் பெயர் நிலைத்தது. ஆனால் ஷ்னைடர் வைத்த கீபா அல்ல. மலிவு விலைச் சிவப்புக் கட்டு என்றால் இன்றுவரை அதற்கு ‘ஸ்லை’தான். சமைத்தவர் ஒருவர், பந்தியில் பரிமாறியவர் பேரில் சாப்பாடு. ஜெயித்தவர் பேராவது நின்றதா என்றால் அதுவும் இல்லை. அன்றைக்கு அட்லாண்டாவில் முதலாவதாக வந்தவரை இன்று நினைவில் வைத்திருப்பவர் அரிது.

1999இல் மைக் ஃபுளோரஸ் இன்னொரு சாவியைச் சேர்த்தார். இரண்டு பேர் ஆடும்போது அடிக்க வேண்டியவர் யார், தடுக்க வேண்டியவர் யார் என்பது கட்டில் எழுதியிருக்காது. எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்து மாறும். தன் வேடத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டவர் தோற்பார். அதே வருடம் பொம்மைக் கம்பெனி ஹாஸ்ப்ரோ, அட்கிசனின் கம்பெனியை 32 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. வீட்டு அடித்தளத்தில் தொடங்கிய கடை!

அதற்குள் சீட்டு காகிதத்தை விட்டுத் திரைக்குக் குடிபெயரத் தொடங்கியிருந்தது. 2014இல் பிளிஸார்ட் கம்பெனியின் ‘ஹார்த்ஸ்டோன்’ வந்தது. நிலச் சீட்டையே தூக்கிவிட்டார்கள். முறைக்கு ஒரு காசு தானாக ஏறும், பத்து வரை. கட்டை அடுக்கும்போதே ஓரத்தில் சின்னச் சின்னப் பட்டைகளாக ஒரு வரைபடம் எழும்பி நிற்கும்: ஒரு காசுச் சீட்டு இத்தனை, இரண்டு காசுச் சீட்டு இத்தனை. ஷ்னைடர் மண்டைக்குள் வைத்திருந்த கரட்டு மேடு, இப்போது விளையாட்டே வரைந்து கொடுக்கிற படம்.

2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் மின்விளையாட்டுகள் முதன்முறையாகக் காட்சிப் போட்டியாக நடந்தன. ஹார்த்ஸ்டோனில் குஜராத்தின் புஜ் நகரத்து தீர்த் மேத்தா வெண்கலம் வென்றார். மின்விளையாட்டில் இந்தியாவுக்கு ஆசிய விளையாட்டில் கிடைத்த முதல் பதக்கம். காட்சிப் போட்டி என்பதால் பதக்கப் பட்டியலில் அது ஏறவில்லை. அடுத்த முறை ஹாங்ஜோவில் முறையான போட்டியாகவே ஹார்த்ஸ்டோன் அறிவிக்கப்பட்டிருந்தது. 2023 ஜனவரியில் பிளிஸார்டுக்கும் அதன் சீனக் கூட்டாளிக்கும் ஒப்பந்தம் முறிந்து, சீனாவில் விளையாட்டே மூடப்பட்டது. போட்டிப் பட்டியலிலிருந்தும் பெயர் போனது. வாய்க்கு எட்டியது வயிற்றுக்கு எட்டவில்லை.

ஜகார்த்தாவில் இன்னொரு விளையாட்டிலும் ஒரு இந்தியர், கரண் மங்கனானி, நான்காவதாக வந்தார். ஃபின்லாந்தின் சூப்பர்செல் 2016 மார்ச்சில் வெளியிட்ட ‘கிளாஷ் ராயல்’ அது. அந்த விளையாட்டு கீரனூருக்கும் வந்தது.

ஒரு மாலை. பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை பெஞ்சு. இரண்டு பையன்கள், இரண்டு செல்போன், நடுவில் பாதி குடித்த டீ. பக்கத்தில் தினத்தந்தியோடு ஒரு பெரியவர். ஒரு காலத்தில் இதே இடத்தில் சிகரெட் அட்டை பொறுக்கியவர்தான்.

இந்த ஆட்டத்தில் கட்டு என்பது எட்டே சீட்டு. காசுக்கு எலிக்ஸர் என்று பெயர், 2.8 வினாடிக்கு ஒன்று சொட்டும், பத்துக்கு மேல் சேராது, வழிந்து வீணாகும். இடது பக்கத்துப் பையன் கட்டில் கோலெம் என்ற கல் பூதம், விலை எட்டு. பெக்கா என்ற இரும்பு அரக்கி, விலை ஏழு. வலது பக்கத்துப் பையன் கட்டில் பன்றிச் சவாரிக்காரன் நான்கு, துப்பாக்கிக்காரி நான்கு, நெருப்புருண்டை நான்கு, பீரங்கி மூன்று, பனி பொம்மை இரண்டு, மரக்கட்டை இரண்டு, பனிக்குஞ்சு ஒன்று, எலும்புக்கூட்டுப் பொடியன்கள் ஒன்று. கூட்டினால் 21. எட்டால் வகுத்தால் இரண்டு புள்ளி ஆறு சொச்சம். சீட்டுகளுக்குக் கீழே, சராசரி எலிக்ஸர் என்று போட்டு அந்த எண்ணைத் திரையே காட்டும்: 2.6. உலகம் முழுக்க இந்தக் கட்டுக்கு அந்த எண்தான் பெயர். “இவன் டூ பாயிண்ட் சிக்ஸ் ஆடுறான்டா” என்றால் கீரனூரிலும் புரியும்.

“ஏன்டா தம்பி, உன்கிட்ட பெருசா ஒண்ணுமே இல்லையே?” என்றார் பெரியவர், வலது பக்கத்துத் திரையை எட்டிப் பார்த்து.

“வேணாம் தாத்தா. இதே போதும்.”

பன்றிச் சவாரி பாலத்தைத் தாண்டி ஓடியது. பின்னாலேயே பனிக்குஞ்சு, பொடியன்கள், பொம்மை, மரக்கட்டை. நாலும் சேர்ந்து ஆறே எலிக்ஸர். நாலு சீட்டு இறங்கினால் பன்றி மறுபடி கைக்கு வரும். வந்தது. மறுபடி பாலம். இடது பக்கத்துப் பையன் திரையையே முறைத்துக்கொண்டிருந்தான். ஆறு. பன்றி கோபுரத்தை எட்டிவிட்டது. ஏழு. கட்டைவிரல் கல் பூதத்தின் மேல் தயாராக நின்றது. கோபுரம் சரிந்த சத்தம் செல்போனிலிருந்து கேட்டது.

“இன்னும் ஒண்ணே ஒண்ணு ஏறியிருந்தா இறக்கியிருப்பேன்” என்றான்.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. டீக்கு நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். கடைக்காரர் சில்லறை கேட்டார்.